மால்டீஸ் நாயும் பித்த அமிலமும்: ஒரு ரத்தப் பரிசோதனை வளர்ப்பாளர்களைத் திணறடித்த நிகழ்வு

1995-ல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஸ்டால், ஹன்ட், மாலிக் முதலானோர் எழுதியது. 200 மால்டீஸ் நாய்களுக்குத் தீனி கொடுத்து, அப்புறம் ரத்தம் எடுத்து, அதில் பித்த அமிலம் எவ்வளவு என்று அளந்திருந்தார்கள். கல்லீரல் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் இது கூடும். மற்ற நாய்களை வைத்து வகுத்த வரம்பை 79 சதவீத மால்டீஸ்கள் தாண்டியிருந்தன. கல்லீரல் கோளாறு உள்ளவை, இல்லாதவை இரண்டும் அந்த 200-ல் உண்டு. ஆனாலும் ஐந்தில் நான்கு நாய்க்குக் கல்லீரல் பழுது என்றால் யார் நம்புவார்கள்? இந்த இனம் பன்னிரண்டு, பதினைந்து வயது வரை சுகமாக வாழ்கிற இனம்.

இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணம் உண்டு. மால்டீஸ் வளர்த்து, குட்டி எடுத்து, நாய் ஷோவுக்குக் கொண்டு போகிறவர்கள் எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது, எதை இனச்சேர்க்கைக்கு விடுவது என்று முடிவெடுக்கும்போது கையில் இருக்கும் முக்கியமான சான்று இந்த ரத்தப் பரிசோதனைதான். அதைத் தப்பாகப் படித்தால் இரண்டு பக்கமும் அடி விழும். எண் கூடியிருக்கிறது என்று நல்ல நாய்களை ஒதுக்கினால் ஏற்கெனவே சின்னதான இனத்தொகை இன்னும் சுருங்கும். எண்ணைப் பொருட்படுத்தாமல் விட்டால் கல்லீரல் நோயுள்ள குட்டி ஏதோ ஒரு வீட்டுக்குப் போய், ஆறே மாதத்தில் வலிப்பு வந்து விழும்.

குறுக்கே போகும் ரத்தம்

குடலில் செரித்த உணவின் சத்து ரத்தத்தில் கலந்து, வாயில் சிரை (வாசல் சிரை, portal vein) என்ற பெரிய நாளத்தின் வழியாக நேரே கல்லீரலுக்கு வர வேண்டும். சத்தோடு சேர்ந்து அம்மோனியா போன்ற கழிவுகளும் வரும். கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே வாயில் சிரைக்கும் உடலின் பெருஞ்சிரைக்கும் நடுவே ஒரு கூடுதல் நாளம் இருக்கும். ஊருக்குள் நுழையாமல் பைபாஸ் சாலையில் போய்விடுகிற பேருந்து மாதிரி, குடலிலிருந்து வரும் ரத்தத்தில் பெரும்பகுதி கல்லீரலைத் தொடாமல் நேரே இதயத்துக்குப் போய்விடும். மருத்துவர்கள் இதை ஷன்ட் என்பார்கள். ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் போன்ற பெரிய இனங்களில் இந்த நாளம் பெரும்பாலும் கல்லீரலுக்குள்ளேயே இருக்கும். மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் மாதிரி சின்ன இனங்களில் கல்லீரலுக்கு வெளியே ஒற்றை நாளமாக இருக்கும்.

ரத்தம் வராத கல்லீரல் வளராது. ஸ்கேன் படத்தில் பார்த்தால் சுருங்கிய, சின்னக் கல்லீரலாகத் தெரியும். அம்மோனியாவும் மற்ற நச்சுகளும் மூளைக்குப் போகும். குட்டி மந்தமாகும், சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கும், வட்டமாகச் சுற்றும், சில சமயம் கண் தெரியாததுபோல் தடுமாறும். சிறுநீரில் அம்மோனியம் யூரேட் படிகம் சேர்ந்து கல்லாகவும் மாறலாம். இளம் நாய்க்கு யூரேட் கல் என்று வந்தால், டால்மேஷியனாக இல்லாத பட்சத்தில், மருத்துவர் முதலில் ஷன்டைத்தான் சந்தேகிப்பார்.

இது எவ்வளவு பரவலானது? 2003-ல் டோபியாஸும் ரோர்பாக்கும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 1980 முதல் 2002 வரை பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைகளில் பதிவான 2,400 ஷன்ட் நோயாளிகளை இனவாரியாகப் பிரித்தார்கள். எல்லா நாய்களையும் சேர்த்துப் பார்த்தால் 0.18 சதவீதம். கலப்பு நாய்களில் 0.05. ஹவனீஸில் 3.2, யார்க்‌ஷயர் டெரியரில் 2.9, மால்டீஸில் 1.6. மருத்துவமனைக்கு வந்த நாய்களின் கணக்கு என்பதால் வெளியே உள்ள உண்மையான விகிதம் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் கலப்பு நாயைப்போல முப்பது மடங்கு என்பது சாதாரண வித்தியாசம் இல்லை.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நூறு மால்டீஸ்களில் ஷன்ட் இருப்பது ஒன்றுக்கோ இரண்டுக்கோ. பரிசோதனை சந்தேகத்தின்பேரில் கைகாட்டுவது ஏறத்தாழ எண்பதை. இரண்டும் வெவ்வேறு நாட்டு நாய்களிடம் எடுத்த கணக்கு, வெவ்வேறு வகைக் கணக்கு. நேராகப் பெருக்கி வகுக்க முடியாதுதான். ஆனாலும் உண்மை புரிந்துவிடுகிறது. சும்மா எல்லா மால்டீஸுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்து, கோட்டைத் தாண்டியதையெல்லாம் நோயாளி என்றால், சொன்னதில் முக்கால்வாசிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும்.

சிறுத்த குட்டிக்கு விலை அதிகம்

மால்டீஸ் ஒரு ஈத்துக்கு இரண்டு மூன்று குட்டிதான் போடும். மூன்றில் ஒன்று மற்றவற்றைவிடச் சின்னதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பால் குடிக்கும் வரை பெரிய வித்தியாசம் தெரியாது. நாலு, ஐந்து வாரத்தில் திட உணவு ஆரம்பித்ததும் அது பின்தங்கும். மற்ற இரண்டும் ஒன்றையொன்று கடித்து உருண்டுகொண்டிருக்கும்போது இது ஓரமாகப் படுத்திருக்கும். சாப்பிட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து நிலைகுத்திய பார்வையோடு நிற்கும், கூப்பிட்டால் திரும்பாது. அப்புறம் தானாகச் சரியாகிவிடும். வளர்ப்பவர் சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்து ஈறில் தேன் தடவுவார். பொம்மை இனம் (டாய்) எனப்படும் மிகச் சின்ன நாய் இனங்களின் குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை குறைவது மிகச் சாதாரணம் என்பதால் அவர் நினைத்ததில் தப்பில்லை.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது நேரத்தை. பட்டினி கிடந்து, விளையாடிக் களைத்து, குளிரில் இருந்து, சாப்பாட்டுக்கு முன்னால் தளர்ந்தால் சர்க்கரைக் குறைவு என்று எண்ண இடமுண்டு. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, அதிலும் இறைச்சி கலந்த தீனிக்குப் பிறகு மந்தமானால் கல்லீரலை நினைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஷன்ட் உள்ள குட்டிக்குச் சர்க்கரையும் குறையலாம். கல்லீரலில் சேமிப்பு இருக்காது. ஆகவே தேன் தடவியதும் கொஞ்சம் தெளிந்துவிட்டது என்பது ஷன்ட் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. குட்டி எப்போது சாப்பிட்டது, எப்போது மந்தமானது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிற வளர்ப்பாளர் மருத்துவருக்குப் பாதி வேலையை மிச்சம் பண்ணிவிடுகிறார்.

சந்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். அதே சிறுத்த குட்டியைத்தான் 'டீகப் மால்டீஸ்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். டீகப் என்று ஒரு வகையை அமெரிக்கக் கென்னல் கிளப்போ எஃப்சிஐ எனப்படும் உலக நாய்க் கூட்டமைப்போ ஏற்கவில்லை. எஃப்சிஐயின் 65-ஆம் எண் தரவிதி மால்டீஸின் எடை 3 முதல் 4 கிலோ என்கிறது. அமெரிக்கத் தரவிதி 7 பவுண்டுக்குக் கீழே, 4 முதல் 6 பவுண்டு விரும்பத்தக்கது என்று சொல்லிவிட்டு, அளவைவிட ஒட்டுமொத்தத் தரத்துக்கே முதலிடம் என்றும் சேர்த்திருக்கிறது. அந்தக் கடைசி வரியை எழுதியவர்கள் விவரமானவர்கள். ஆனால் குட்டி வாங்க வருகிறவர் தரவிதியைப் படித்துவிட்டு வருவதில்லை. உள்ளங்கையில் உட்காரும் குட்டியைத்தான் கேட்கிறார். எல்லாச் சின்னக் குட்டிக்கும் ஷன்ட் இருக்காது, அது உண்மை. ஆனால் ஷன்ட் உள்ள குட்டி அநேகமாகச் சின்னதாகத்தான் இருக்கும். நோயின் அடையாளத்துக்கே கூடுதல் விலை கிடைக்கிறது என்றால், அதை வளர்ப்பவர் ஏன் துருவிப் பார்க்கப் போகிறார்?

பரிசோதனை மேசையில்

பித்த அமிலத்தைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து தயாரிக்கிறது. அது பித்தப்பையில் சேர்ந்து, சாப்பிட்டதும் குடலில் கொட்டி, கொழுப்பைச் செரிக்க உதவிவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட்டு, வாயில் சிரை வழியாக மறுபடி கல்லீரலுக்கு வருகிறது. நல்ல கல்லீரல் அதை வந்த வேகத்தில் பிடித்துவைத்துக்கொள்ளும். பொது ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கசியும். ஷன்ட் இருந்தால் பிடிக்க ஆளில்லை. ஆகவே சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் அளவு எகிறும். இதுதான் பரிசோதனையின் அடிப்படை.

செய்வது எளிது. ஒரு தடவை ரத்தம் எடுத்துவிட்டு, சின்ன நாய்க்கு இரண்டு டீஸ்பூன் அளவு தீனி கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுப்பார்கள். பித்தப்பை சுருங்கினால் போதும், விருந்து வைக்கத் தேவையில்லை. பாசத்தில் கொழுப்பாக ஊட்டிவிட்டால் சீரம் (ரத்தம் உறைந்ததும் பிரிகிற தெளிந்த நீர்) பால்போல் கலங்கி, ஒளியை வைத்து அளக்கும் கருவி ஏமாந்துவிடும். ஊசியை இழுத்துப் பிடித்து ரத்த அணுக்கள் உடைந்தாலும் அப்படியே. மால்டீஸின் முன்னங்காலில் நாளம் நூல் மாதிரி; பழகாத கையில் இரண்டு மூன்று குத்து விழும். கழுத்து நாளத்தில் எடுப்பது நாய்க்கும் நல்லது, மாதிரிக்கும் நல்லது. ஷோ நாயாக இருந்தால் உரிமையாளர் கழுத்து ரோமத்தை மழிக்க விடமாட்டார். ஸ்பிரிட் நனைத்து ரோமத்தை இரண்டு பக்கமும் பிரித்துப் பிடித்து எடுக்க வேண்டியிருக்கும்.

அம்மோனியாவையே நேராக அளந்தால் என்ன என்று கேட்கலாம். அளக்கலாம். ஆனால் எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் குழாய்க்குள்ளேயே அம்மோனியா கூடிக்கொண்டு போகும். ஊரில் இருக்கிற சின்ன கிளினிக்குக்கு இது ஒத்துவராது. பித்த அமிலம் அப்படி இல்லை, தபாலில் அனுப்பினாலும் கெடாது. அதனால்தான் வளர்ப்பாளர்கள் மத்தியில் இந்தப் பரிசோதனை பரவியது, குழப்பமும் அதோடு சேர்ந்தே பரவியது.

சிட்னி கண்டதும் கார்னெல் கண்டதும்

சிட்னிக் குழு எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திவிடவில்லை. அதே சீரத்தைக் குரோமடோகிராஃபி முறையில் பிரித்து அளந்து பார்த்தார்கள். வழக்கமான ஒளி அளவீட்டு முறை காட்டியதைவிட அளவு குறைவாக வந்தது. மால்டீஸின் ரத்தத்தில் பித்த அமிலம் அல்லாத ஏதோ ஒரு பொருள் அந்த வேதிவினையில் கலந்துகொண்டு எண்ணை உயர்த்துகிறது என்று சந்தேகித்தார்கள். கூடவே அம்மோனியா தாங்கு சோதனையும் செய்தார்கள். ஆசனவாய் வழியாக அம்மோனியம் குளோரைடு கரைசலைக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து ரத்தத்தில் அம்மோனியா எவ்வளவு என்று பார்க்கும் சோதனை அது. ஷன்ட் உள்ள நாய் எது, இல்லாத நாய் எது என்று பித்த அமிலம் பிரிக்கத் திணறிய இடத்தில் இந்தச் சோதனை தெளிவாகப் பிரித்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷரன் சென்டர் வேறொரு திசையிலிருந்து இதே சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். கெய்ர்ன் டெரியர், யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சின்ன இனங்களில் பித்த அமிலம் கூடியிருக்கும், ஆனால் படத்தில் எந்தக் குறுக்கு நாளமும் தெரியாது, நாய்க்கும் ஒரு குறையும் இருக்காது. கல்லீரலின் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே இருக்கும் நுண் நாளங்களின் அமைப்பில் பிறழ்வு தெரியும். இதற்கு நுண்நாளப் பிறழ்வு என்று பெயர். இந்த நாய்களுக்கு மருந்து வேண்டாம், விசேஷத் தீனி வேண்டாம், ஆயுளும் குறைவதில்லை. சங்கடம் எங்கே என்றால், ஷன்ட் உள்ள நாயின் கல்லீரல் துணுக்கும் நுண்ணோக்கியில் ஏறத்தாழ இப்படியேதான் தெரியும். வெறும் துணுக்கை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. இரண்டு கோளாறும் ஒரே குடும்பங்களில் தலைகாட்டுவது இன்னொரு சங்கடம்.

இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல வழி 2006-ல் கார்னெலிலிருந்து வந்தது. ரத்தம் உறைவதில் பங்குள்ள புரோட்டீன் சி என்ற புரதத்தின் செயல்பாட்டை அளப்பது. கல்லீரல் இதைத் தயாரிக்கிறது. 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஷன்ட் இருக்க வாய்ப்பு அதிகம். மேலே இருந்தால் நுண்நாளப் பிறழ்வு மட்டும் என்று பெரும்பாலும் சொல்லலாம். நூற்றுக்கு நூறு இல்லை. ஆனால் நாயை மயக்கி ஸ்கேன் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க இது போதும்.

இவ்வளவு தூரம் போகாமலே சாதாரண ரத்த அறிக்கையில் துப்பு கிடைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஷன்ட் உள்ள நாயின் யூரியா குறைந்திருக்கும், அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்திருக்கும், கொலஸ்ட்ரால் குறைந்திருக்கும், சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கும். பித்த அமிலம் பெரும்பாலும் நூறைத் தாண்டி நிற்கும். கார்னெல் வைத்த வரம்பு லிட்டருக்கு 25 மைக்ரோமோல். ஒரு மால்டீஸுக்கு 45 என்று வந்து, மற்றதெல்லாம் சரியாக இருந்து, நாயும் எடை பிடித்துத் துள்ளிக்கொண்டிருந்தால், என் பார்வையில் அந்த 45 ஒரு தகவல் மட்டுமே. நோய் என்று சொல்ல அது போதாது. அதே 45, எடை ஏறாத, சாப்பிட்டதும் சுருண்டு படுக்கிற குட்டிக்கு வந்தால் உடனே அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வயதும் ஒரு பிரச்சினை. கல்லீரல் பரிசோதனையை நாலு மாதம் வாக்கில் செய்வது நல்லது என்பார்கள். அமெரிக்க மால்டீஸ் சங்கத்தின் நெறிமுறை 12 வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் 8 வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்கின்றன. எப்படிப் பார்த்தாலும் பரிசோதனை செய்ய வேண்டிய வயதுக்கு முன்பே குட்டி வீடு மாறிவிடுகிறது. வாங்கியவர் பரிசோதித்து, முடிவை வளர்த்தவருக்குத் திருப்பிச் சொன்னால்தான் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பரிசோதனைச் செலவைத் தானே ஏற்கிற வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். குறைவு, ஆனாலும் இருக்கிறார்கள்.

ஷோ ரிங்கில் தெரியாதது

ஷோ மால்டீஸை வளர்ப்பது ஒரு தனி உத்தியோகம். உள்ரோமம் இல்லாத ஒற்றை அடுக்கு ரோமம், முதுகின் நடுவே வகிடு எடுத்து இரண்டு பக்கமும் தரை வரை நேராக விழ வேண்டும். தரையைத் தொட ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கும். அதுவரை ரோமத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மெல்லிய காகிதத்தில் மடித்து, சின்ன ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். ரப்பர் பேண்ட் ரோமத்தில் படவே கூடாது, காகிதத்தின் மேல்தான் இருக்க வேண்டும். பட்டால் அந்த இடத்தில் ரோமம் அறுந்துவிடும். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை பிரித்து, எண்ணெய் கலந்த நீர் தெளித்து வாரி, மறுபடி மடிக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கண்ணீர்க் கறை படியாமல் தினமும் துடைக்க வேண்டும். சாப்பிடும்போது மீசை நனையாமல் தனியாகக் கட்டிவிட வேண்டும். தலையில் அமெரிக்காவில் வழக்கமாக இரண்டு குடுமி. எல்லாம் முடிந்து மேசை மேல் நிற்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும், மறுப்பதற்கில்லை.

ஜட்ஜ் தொட்டுப் பார்ப்பது எலும்பமைப்பை, பல்லை, முதுகுக் கோட்டை, முழங்கால் சில்லை, வால் எப்படி முதுகின் மேல் விழுகிறது என்பதை. பார்ப்பது நடையை. கல்லீரலை அவர் பார்க்க வழியில்லை. வீட்டு நாயாக இருந்தால் கருத்தடை அறுவைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையிலோ, மயக்கத்திலிருந்து எழ மணிக்கணக்காவதிலோ கோளாறு வெளிப்பட்டுவிடும். ஷோ நாய்க்குக் கருத்தடை கிடையாது. செய்தால் அமெரிக்கக் கென்னல் கிளப்பின் உடலமைப்புப் போட்டியில் நிற்கவே முடியாது. ஆகவே மயக்க மருந்து என்ற அந்தத் தற்செயல் சோதனையே அதற்கு நடப்பதில்லை. ஆறு மாதத்தில் ரிங்குக்கு வந்து, 15 புள்ளி சேர்த்து சாம்பியன் ஆகிவிட்டால், ஆண் நாய்க்கு நாலா பக்கமிருந்தும் பெட்டைகள் வரும். இத்தனை ஈத்துக்குத்தான் தகப்பனாகலாம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. லேசான ஷன்ட் உள்ள நாயோ, ஷன்ட் குட்டிகளைத் தருகிற நாயோ அப்படி ஒரு சாம்பியனாக இருந்துவிட்டால் நாலு வருஷத்தில் அதன் ரத்தம் எங்கும் பரவியிருக்கும்.

எதை இனத்துக்கு வைப்பது

2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்தே ஓலீரி என்ற ஆய்வாளரும் சிட்னியின் பழைய ஆட்கள் சிலரும் சேர்ந்து மால்டீஸ்களின் வம்சாவளியை ஆராய்ந்து எழுதினார்கள். ஷன்ட் குடும்ப வழியில் வருகிறது என்பதில் சந்தேகம் இல்லை என்று ஆனது. ஆனால் எந்த மரபணு, எப்படிக் கடத்தப்படுகிறது என்பது எளிய கணக்கில் அடங்கவில்லை. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் கட்டாயம் நோய் என்ற பாடப்புத்தகச் சூத்திரம் இங்கே ஒட்டாது. வாயில் பஞ்சு தேய்த்து அனுப்பினால் பதில் சொல்லும் டிஎன்ஏ பரிசோதனை இதற்கு இல்லாததற்கு அதுதான் காரணம்.

ஆகவே வளர்ப்பாளர் கையில் இருப்பவை பித்த அமில எண், குடும்பத்தின் வரலாறு, தன் சொந்தக் கண் ஆகியவைதான். இவற்றில் நான் அதிகம் நம்புவது குடும்ப வரலாற்றை. ஷன்ட் குட்டி ஒன்றைத் தந்த ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது. இதில் பேச்சே இல்லை. அந்தக் குட்டியின் உடன்பிறப்புகளை இனச்சேர்க்கைக்கு விடாமல் இருப்பது நல்லது. அறுவை செய்து தேறிய நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குக் குட்டி எடுக்கக் கூடாது. நாளத்தை அடைத்தால் அந்த நாய் பிழைத்துக்கொள்ளும், அதன் மரபணு மாறாது.

ஷன்ட் இல்லாமல் எண் மட்டும் கூடிய நாய் விஷயத்தில்தான் சண்டை. சிலர் 25-ஐத் தாண்டிய எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்தில் நான்கு நாய் கோட்டைத் தாண்டுகிற ஒரு தொகையில் இந்த விதியை வைத்தால், மிஞ்சுவது ஐந்தில் ஒன்று. அந்த ஒன்றுக்குள் மறுபடி மறுபடி நெருங்கிய உறவில் சேர்த்தால் முழங்கால் சில்லு நழுவுவது, இதய வால்வு கசிவது, இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ வந்து சேரும். ஒரு பரிசோதனையில் ஜெயிப்பதற்காக இனத்தையே ஒடுக்குவது வளர்ப்பு ஆகாது. குட்டி வாங்க வருகிறவரும் பித்த அமில எண்ணைக் கேட்கிற காலம் இது. எண்ணை மட்டும் சொல்லாமல் புரோட்டீன் சி எவ்வளவு, யூரியா எவ்வளவு, சித்தப்பன் பெரியப்பன் குட்டிகள் எப்படி என்று சேர்த்துச் சொல்கிற வளர்ப்பாளரையே நான் தேடுவேன். எண் கூடிய நாயை எண் சரியாக உள்ள, வேறு குடும்பத்து நாயோடு சேர்ப்பது நடைமுறையில் நியாயமான வழி. குட்டிகளை நாலு மாதத்தில் பரிசோதித்து எழுதிவைக்க வேண்டும். ஒன்றிரண்டு தலைமுறையில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

இதைச் செய்யவிடாமல் தடுப்பது பணத்தைவிடக் கூச்சம்தான். தன் கென்னலில் ஷன்ட் குட்டி பிறந்தது என்று வெளியே சொன்னால் அடுத்த ஈத்துக்கு ஆள் வரமாட்டார்கள் என்ற பயம். எல்லோரும் மறைப்பதால், சொல்கிற ஒருவர் மட்டும் கெட்ட பேர் வாங்குகிறார். பரிசோதித்துப் பார்த்தவரின் நாய்க்குத்தான் நோய் இருப்பதாகத் தோன்றும். பார்க்காதவரின் நாய்கள் எல்லாம் தங்கம்.

அறுவை

ஷன்ட் உறுதியான நாய்க்கு என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் லாக்டுலோஸ் பாகு. குடலில் அம்மோனியா உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மெட்ரோனிடசோல் மாதிரி ஒரு நுண்ணுயிர்க்கொல்லி. இறைச்சியைக் குறைத்து, பால் சார்ந்த, தாவரம் சார்ந்த புரதத்துக்கு மாற்றுவது. வளரும் குட்டிக்குப் புரதத்தை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. இதைச் செய்து குட்டியை எலும்பும் தோலுமாக ஆக்குகிறவர்கள் உண்டு. சில வாரம் இப்படி நிலைப்படுத்தியதும் அறுவை.

அந்தக் காலத்தில் நாளத்தைப் பட்டு நூலால் கட்டி அப்போதே மூடப் பார்த்தார்கள். பழக்கமில்லாத சின்னக் கல்லீரலுக்குள் திடீரென்று அவ்வளவு ரத்தமும் பாய்ந்தால் அழுத்தம் தாங்காது. அறுவை மருத்துவர் நூலை இறுக்கிக்கொண்டே குடலின் நிறத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார். இளஞ்சிவப்பு மாறி நீலம் பாரித்தால் உடனே தளர்த்த வேண்டும். பிறகு மெதுவாக மூடும் உத்திகள் வந்தன. ஒன்று அமிராய்டு வளையம்: எஃகு வளையத்துக்குள் பாலின் புரதமான கேசினால் ஆன உள்வளையம். உடலின் ஈரத்தை உறிஞ்சி அது உள்பக்கமாகப் பருத்து, சில வாரங்களில் நாளத்தை நெரித்து அடைக்கும். இன்னொன்று செலோஃபேன் பட்டை. நீளமாக வெட்டி, மடித்து, கிருமி நீக்கி, நாளத்தைச் சுற்றி ஒரு கிளிப் போட்டு விடுவார்கள். உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு சுற்றிலும் தழும்புத் திசு கட்டும். தழும்பு இறுக இறுக நாளம் மூடும். 1998-ல் சிட்னியிலிருந்து யூமன்ஸும் ஹன்ட்டும் 11 நாய்களில் இதைச் செய்து எழுதினார்கள். பித்த அமிலக் கட்டுரையை எழுதிய அதே ஹன்ட்தான்.

பெரும்பாலான நாய்கள் தேறிவிடுகின்றன. சில, அறுவை நன்றாக முடிந்து, அம்மோனியாவும் சரியான பிறகு, இரண்டு மூன்று நாளில் வலிப்பு வந்து சிக்கலாகும். ஏன் என்பது முழுசாகப் பிடிபடவில்லை. வயது கூடக்கூட இந்த அபாயம் கூடும். ஆகவே குட்டியிலேயே கண்டுபிடிப்பது நல்லது. அறுவைக்குப் பிறகு பித்த அமிலத்தை மறுபடி அளக்கும்போது மால்டீஸ் உரிமையாளர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளம் முழுக்க மூடியிருந்தாலும் எண் 25-க்குக் கீழே வராமல் போகலாம். 180-ல் இருந்தது 50-க்கு வந்து நின்று, யூரியாவும் அல்புமினும் ஏறி, நாய் எடை போட்டிருந்தால், மறுபடி வயிற்றைத் திறக்கச் சொல்கிற மருத்துவரிடம் மால்டீஸுக்கு இந்த எண் எப்படி வரும் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். முதலில் புரோட்டீன் சி பார்க்கச் சொல்லலாம்.